'முன்னூத்தி இருபது'ன்னு சொன்னா 'நூத்தி இருபது'ன்னு கேக்குது: கால் ஆப்ல முதல் எழுத்து எங்க போகுது?

பாலக்கோட்டான் | செவ்வாய், காலை 10:40

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்ல ஒரு கமிஷன் மண்டிக்காக சின்னதா ஒரு வாய்ஸ் கால் ஆப் எழுதிக்கிட்டு இருக்கேன். மண்டிக்காரர், அவருக்கு சரக்கு போடற நாப்பது விவசாயிங்க, அவ்ளோதான் ஆளுங்க. காலைல ஏலம் முடிஞ்சதும் மண்டில இருந்து கூப்பிட்டு ரேட் சொல்லுவாங்க.

போன வாரம் மாரண்டஹள்ளி பக்கம் ஒரு பெரியவருக்கு கால் போச்சு. ஒரு கிரேட் (பெட்டி) முன்னூத்தி இருபதுன்னு சொல்லியிருக்காங்க. அவருக்கு நூத்தி இருபதுன்னு கேட்டிருக்கு. 'நூத்தி இருபதுக்கு பறிப்புக்கூலிகூட கட்டாது'ன்னு சத்தம் போட்டு வெச்சிட்டார். மறுநாள் லோடை ராயக்கோட்டைக்கு ஏத்திட்டார். மண்டிக்காரர் என்னக் கூப்பிட்டு பேசின பேச்ச இங்க எழுத முடியாது.

ஆப் விவரம்: ஆண்ட்ராய்டு. ஜி.711 ஏ-லா (குரல எண்ணா மாத்தற முறை, செகண்டுக்கு 8000 சாம்பிள்), 20 மில்லி செகண்டுக்கு ஒரு பேக்கெட், ஆர்டிபி (அந்த பேக்கெட்ட நெட்ல அனுப்பற முறை). ரெண்டு பக்கமும் என் வாடகை சர்வர் வழியாதான் பேசுது. ஆடியோ பைப்லைன் முழுக்க நானே எழுதினது. ஜிட்டர் பஃபர (முன்ன பின்ன வர்ற பேக்கெட்ட கொஞ்சம் தேக்கி சீரா விடற இடம்) 60ல இருந்து 200 மில்லி செகண்ட் ஆக்கிப் பாத்தேன். எழுத்து விழுங்கறது நிக்கல. கூடுதலா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்கறாங்க. வீட்ல டெஸ்ட் பண்ணா எல்லாம் சுத்தமா இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது?

தொப்பூர்_கணவாய் | செவ்வாய், காலை 10:52

நெட்வொர்க்தான் தம்பி. பேக்கெட் லாஸ், வழிலயே தொலையுது. மார்க்கெட்ல காலைல அத்தன போனும் ஒரே டவர்ல தொங்கும். பஃபர 400 வை.

ஓசூர்_பழசு | செவ்வாய், காலை 11:30

கணவாய் தம்பிக்கு தலைவலி வந்தாலும் நெட்வொர்க்தான். 400 வைக்காதீங்க. ஐடியூவோட (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஜி.114 வழிகாட்டி சொல்றது, ஒரு பக்கத்துக்கு 150 மில்லி செகண்ட் வரைக்கும் தாமதம் பேச்சுக்கு உறுத்தாது, 400க்கு மேல போகவே கூடாது. நீங்க பஃபருக்கே 200 குடுத்துட்டா மைக், என்கோடர், டவர், சர்வர், ஸ்பீக்கர் எல்லாம் எதுல பங்கு கேக்கும்? முட்டிக்கறது அதனாலதான். முதல்ல 60க்கே இறக்குங்க.

பேக்கெட் லாஸா இருந்தா நடு வார்த்தையும் போகணும், கடைசி எழுத்தும் போகணும். உங்களுக்கு எப்பவும் முதல் எழுத்துதானா? அத மட்டும் சொல்லுங்க, மீதிய அப்புறம் பேசலாம்.

பாலக்கோட்டான் | செவ்வாய், மதியம் 1:05

ஆமாண்ணா. இப்பதான் மண்டிக்குப் போய் உக்காந்து கேட்டேன். எறநூத்தி எம்பது, முன்னூத்தி இருபது, நானூத்தி பத்து, எல்லாமே அந்தப் பக்கம் நூத்தி, நூத்தி, நூத்தின்னு வருது. நடுவுல எதுவும் போகல. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு ஆரம்பிக்கிற முதல் வார்த்தைலதான் வெட்டு.

மாங்கூழ் | செவ்வாய், மதியம் 1:20

கிருஷ்ணகிரில இருந்து ஒரு கும்பிடு. நம்ம பாஷைல ரேட் சொல்றதுல இருக்கற ஆபத்து இப்பதான் ஒறைக்குது. எறநூத்தி, முன்னூத்தி, நானூத்தி, ஐநூத்தி... எத எடுத்தாலும் தலைய வெட்டினா நூத்திதான் மிச்சம். தொள்ளாயிரம் ஒண்ணுதான் தப்பிக்கும். தக்காளி தொள்ளாயிரத்துக்குப் போற அன்னிக்கு உங்க ஆப் சரியா வேலை செய்யும்.

ஓசூர்_பழசு | செவ்வாய், மதியம் 2:10

மௌனத்துக்கு அப்புறம் வர முதல் வார்த்தைன்னு சொன்னதே பாதி விடை. சைலன்ஸ் சப்ரெஷன் போட்டிருக்கீங்களா? அதாவது, ஆள் பேசாதப்ப பேக்கெட்ட நிறுத்தற கேட்?

போட்டிருந்தாலும் என் வார்த்தைய நம்பி மாத்தாதீங்க, பாத்துட்டு மாத்துங்க. நாலு இடத்துல பதிவு எடுங்க. ஒண்ணு, மைக்ல இருந்து வந்த மாதிரியே. ரெண்டு, கேட்ட தாண்டி என்கோடருக்குள்ள (ஒலிய ஜி.711 ஆக்கற இடம்) போறதுக்கு முந்தி. மூணு, அந்தப் பக்கம் பேக்கெட் வந்து டீகோட் ஆனதும், ஜிட்டர் பஃபருக்கு முன்னாடி. நாலு, ஸ்பீக்கருக்குக் குடுக்கறது. நாலையும் ஆடாசிட்டில (ஒலி எடிட் பண்ற சாஃப்ட்வேர்) ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்குங்க. எழுத்து எந்த வரில இருக்கு, எந்த வரில இல்லன்னு கண்ணாலயே தெரியும். நான் ஓசூர்ல இருந்து பெங்களூருக்கு பதினெட்டு வருஷமா பஸ் ஏறி இதே வேலைதான் பண்றேன். இந்த நாலு பதிவும் எடுக்காம பஃபர் நம்பர மாத்திக்கிட்டே மாசக்கணக்கா உக்காந்திருந்த டீமை எல்லாம் பாத்தாச்சு. அதுல ஒண்ணு என்னோடது.

கூடவே சர்வர்ல பேக்கெட் பிடிச்சு வயர்ஷார்க்ல (பேக்கெட்ட பிரிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்) தெறங்க. ஆர்டிபி பேக்கெட்ல ரெண்டு எண்ணப் பாருங்க: வரிசை எண், நேர முத்திரை. வழில தொலைஞ்சா வரிசை எண்ல ஓட்டை விழும். நீங்களே அனுப்பாம விட்டிருந்தா வரிசை எண் ஒண்ணு ஒண்ணா ஒழுங்கா ஏறும், நேர முத்திரை மட்டும் தாவும். களவு போச்சா, நாமளே குடுக்கலயான்னு அந்த ரெண்டு எண்ணும் சொல்லிடும்.

அரூர்_அக்கா | செவ்வாய், மதியம் 2:45

அண்ணன் சொன்ன முதல் பதிவுக்கு ஒரு திருத்தம். ஆண்ட்ராய்டுல 'வாய்ஸ் கம்யூனிகேஷன்' சோர்ஸ்ல மைக்கத் தெறந்தா உங்க கைக்கு வர்றது பச்சை ஒலி இல்ல. போன் கம்பெனிக்காரங்களோட எக்கோ கேன்சலர், நாய்ஸ் சப்ரெஷன் எல்லாம் அதுக்குள்ளயே ஓடி முடிஞ்சிருக்கும். அதனால ஒரு தடவ 'அன்பிராசஸ்டு' சோர்ஸ்லயும் பதிவு எடுத்து வைங்க, ஆண்ட்ராய்டு 7ல இருந்து இருக்கு. சில போன்ல அது சரியா வேலை செய்யாது, அப்ப 'வாய்ஸ் ரெகக்னிஷன்'ல எடுங்க. ஒப்பிட மட்டும்தான். கால் நடக்கறதுக்கு கம்யூனிகேஷனே இருக்கட்டும், இல்லன்னா எதிரொலில மாட்டுவீங்க.

பாலக்கோட்டான் | புதன், காலை 8:50

ஏலம் நடக்கறப்பவே எடுத்தேன். தராசு பக்கம் நின்னு மண்டிக்காரரே பேசினார். லாரி, கிரேட் தூக்கிப் போடற சத்தம், ஏலம் கூவறது எல்லாம் பின்னால ஓடுது.

வயர்ஷார்க்: அந்த வார்த்தை ஆரம்பிக்கிற இடத்துல வரிசை எண் 4711க்கு அடுத்து 4712. ஓட்டையே இல்ல. நேர முத்திரை 160 ஏற வேண்டியது, 12,960 ஏறியிருக்கு. செகண்டுக்கு 8000 சாம்பிள், அதனால 8000ஆல வகுத்தா 1.62 செகண்ட். மண்டிக்காரர் சீட்டப் பாத்துட்டு வாயத் தெறக்கறதுக்கு எடுத்த நேரம் சரியா அதுதான்.

ஆடாசிட்டி: முதல் வரில 'முன்னூத்தி' முழுசா இருக்கு, அன்பிராசஸ்டுலயும் இருக்கு. ரெண்டாவது வரி 'நூத்தி'லதான் ஆரம்பிக்குது. ரெண்டுக்கும் நடுவுல 180 மில்லி செகண்ட் வெறும் கோடு. ரெண்டாவதும் மூணாவதும் நாலாவதும் அச்சு ஒண்ணு.

தொப்பூர் அண்ணா, நெட்வொர்க்க விட்டுடலாம். தின்னது நான்தான். என் கேட் இப்படி இருக்கு: பின்னணி சத்தத்தோட சராசரிய அளந்து, அதுக்கு மேல கொஞ்சம் வெச்சு ஒரு அளவு. தொடர்ந்து 3 ஃப்ரேம் (20 மில்லி செகண்ட் ஒலித் துண்டு) அந்த அளவத் தாண்டினாதான் பேச்சுன்னு எடுத்துக்கிட்டு பேக்கெட் அனுப்ப ஆரம்பிக்கும். மார்க்கெட் சத்தத்துக்கு பயந்து நான்தான் 1 ஃப்ரேம் இருந்தத 3 ஆக்கினேன்.

தொப்பூர்_கணவாய் | புதன், காலை 9:02

அடுத்த பிரச்சினைல பாத்துக்கறேன்.

ஓசூர்_பழசு | புதன், காலை 9:40

3 ஃப்ரேம்னா 60 மில்லி செகண்டுதான். உங்களுக்கு 180 போயிருக்கு. மிச்சம் 120 எங்கன்னு யோசிங்க.

'மு'ன்னு சொல்லிப் பாருங்க. உதடு மூடி மூக்கு வழியா ஆரம்பிக்குது, பின்னால குட்டி உகரம். சத்தம் ரொம்ப கம்மி. வீட்ல அமைதியா இருக்கறதால அளவு கீழ கிடக்கும், 'மு'வே தாண்டிடும். மண்டில லாரி சத்தத்தோட அளவும் மேல ஏறி உக்காந்துக்குது. 'முன்' அதத் தொடவே இல்ல, 'னூ'லதான் தாண்டுது. அதுல இருந்து உங்க 3 ஃப்ரேம் எண்ணி முடிக்கிறப்ப 'நூத்தி'தான் மிச்சம்.

இன்னொண்ணு. வீட்ல என்ன சொல்லி டெஸ்ட் பண்ணீங்க? 'ஹலோ'வா? 'லோ'ன்னு வந்தாலும் நம்ம காது 'ஹ'வ ஒட்டவெச்சுக்கும். தெரிஞ்ச வார்த்தையில காது ரொம்ப தாராளம். ரேட்டுக்கு அப்படி ஒட்டவெக்க முடியாது, நூத்தி இருபதும் ஒரு ரேட்தான். டெஸ்ட் பண்ணா எண்ணுல பண்ணுங்க, அதுவும் வரிசையா இல்லாம மாத்தி மாத்தி. அந்தப் பக்கம் இருக்கறவர் காதுல விழுந்தத எழுதி வைக்கணும்.

சரி பண்ண ரெண்டு வழி. கேட் வேணும்னா, கடைசி 200 மில்லி செகண்ட் ஒலிய எப்பவும் கைல வெச்சிருந்து, கேட் தெறந்ததும் அதையும் சேத்து அனுப்பணும். ஆனா அது ஒரே மூச்சுல பத்து பேக்கெட்டா போய் விழும், அந்தப் பக்கத்து பஃபர் அத செரிச்சு மெல்ல பழைய தாமதத்துக்கு வரணும். அந்த பஃபரையும் நீங்களே எழுதினதால பயமா இருக்கு. இன்னொரு வழி, கேட்ட தூக்கிப் போடறது. எதுக்கு வெச்சீங்க அத?

பாலக்கோட்டான் | புதன், காலை 10:15

டேட்டா மிச்சம் பிடிக்கத்தாண்ணா. ஜி.711 64 கிலோபிட்.

ஓசூர்_பழசு | புதன், காலை 10:50

64 இல்ல தம்பி, 80. 20 மில்லி செகண்டுக்கு 160 பைட் ஒலி, அதுமேல ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் தலைப்பு: ஆர்டிபி 12, யூடிபி 8, ஐபி 20. ஆக 200 பைட், செகண்டுக்கு 50 தடவ. நிமிஷத்துக்கு ஒரு பக்கம் 600 கிலோபைட். ரேட் சொல்ற கால் எவ்ளோ நேரம், ரெண்டு நிமிஷமா? அதுக்கா ஒரு எழுத்த பலி குடுத்தீங்க?

மிச்சம்தான் வேணும்னா ஜி.711க்கு பதிலா ஓப்பஸ்ங்கற கோடெக்குக்கு மாறுங்க. 24 கிலோபிட்ல நம்ம பேச்சு ஜி.711ஐ விட நல்லா கேக்கும், ஏன்னா இது 8000 சாம்பிள்ல அடைஞ்சு கிடக்காது. ஃப்ரேமுக்கு 60 பைட், தலைப்பு 40, மொத்தம் 100. அங்கயே பாதி மிச்சம். தொலைஞ்ச பேக்கெட்ட அடுத்த பேக்கெட்ல இருந்து ஒப்பேத்தற வசதியும் அதுக்குள்ளயே இருக்கு. மாத்தறப்ப ஒரு கண்ணி: ஓப்பஸ் எந்த ரேட்ல ஓடினாலும் ஆர்டிபி கடிகாரம் 48000தான், 20 மில்லி செகண்டுக்கு நேர முத்திரை 960 ஏறணும். பழைய 160 எங்கயாவது கோடுல ஒளிஞ்சிருந்தா பஃபர் குழம்பிடும்.

கேட்டால இன்னொரு கேடும் இருக்கு. விவசாயி பேசாம கேட்டுக்கிட்டே இருந்தா அவர் போன்ல இருந்து ஒரு பேக்கெட்டும் வெளிய போகாது. வீட்டு வைஃபைல இருந்தார்னா, ரூட்டர் இந்த வழிய யாரும் பொழங்கலன்னு அடைச்சிடும். சில ரூட்டர் 30 செகண்ட்லயே அடைக்கும். அப்புறம் மண்டி பேசறது அவருக்கு விழாது.

பாலக்கோட்டான் | புதன், மாலை 6:30

கேட்ட எடுத்துட்டேன். எண்ணெல்லாம் முழுசா வருது. நாப்பது எண்ணு மாத்தி மாத்தி சொல்லி எழுத வெச்சோம், நாப்பதும் சரி.

ஆனா இப்ப புதுசா ஒண்ணு. புதுசுன்னு சொல்லக் கூடாது, முன்னாடியும் இருந்ததுதான். சில விவசாயிங்க பேசறது மண்டிக்குக் கேக்காது, மண்டி பேசறது அவங்களுக்குக் கேக்கும். அப்ப அவங்க பக்கம் இருந்து பேக்கெட்டே வராது, அதனால ரூட்டர்தான் அடைக்குதுன்னு விட்டுட்டேன். இப்ப கேட் இல்ல. பேக்கெட் செகண்டுக்கு 50 ஒழுங்கா வருது. ஆனா சத்தம் மட்டும் இல்ல. வயர்ஷார்க்ல ஒரு பேக்கெட்டத் தெறந்து பாத்தா உள்ள டி5 டி5 டி5 டி5ன்னு 160 பைட்டும் ஒண்ணே. என்க்ரிப்ஷன்ல ஏதாவது கோளாறா?

அரூர்_அக்கா | புதன், இரவு 7:10

என்க்ரிப்ட் ஆகியிருந்தா இவ்ளோ அழகா வரிசையா இருக்காது தம்பி. ஏ-லால பூஜ்யத்த ஹெக்ஸ்ல எழுதினா டி5. ஜி.711ஓட இன்னொரு வகை, மியூ-லாவா இருந்தா எஃப்எஃப்னு வந்திருக்கும். ஆக மைக்ல இருந்தே சுத்தமான பூஜ்யம் வருது. நிஜ மைக் எவ்ளோ அமைதியான ரூம்லயும் சுத்த பூஜ்யம் குடுக்காது, கடைசி பிட்டாவது ஆடிக்கிட்டே இருக்கும். இது ஆண்ட்ராய்டு குடுக்கற பூஜ்யம்.

அந்த விவசாயிங்க கால் எடுத்துட்டு ஸ்கிரீன அணைச்சுட்டு பையில போடறாங்களா? இல்ல வேற ஆப்புக்குப் போறாங்களா? ஆண்ட்ராய்டு 9ல இருந்து பின்னணில கிடக்கற ஆப்புக்கு மைக் கிடையாது. எரர்கூட சொல்லாது, அமைதிய அனுப்பும். ஃபோர்கிரவுண்டு சர்வீஸ்ல, நோட்டிஃபிகேஷன் காட்டிக்கிட்டு கால் ஓடணும். ஆண்ட்ராய்டு 11ல இருந்து அந்த சர்வீஸோட வகை மைக்ரோஃபோன்னு மேனிஃபெஸ்ட்ல எழுதணும், 14க்கு அதுக்குன்னே தனி பர்மிஷனும் சேக்கணும். சர்வீஸ ஆப் கண்ணு முன்னாடி இருக்கறப்பவே ஆரம்பிச்சுடுங்க. பின்னணிக்குப் போன பிறகு ஆரம்பிச்சா மைக் கிடைக்காது.

பாலக்கோட்டான் | வியாழன், காலை 7:55

அக்கா, அதேதான். கால் எடுத்ததும் போன சட்டைப்பையில போட்டுட்டு ஹெட்போன்ல பேசறாங்க. வெறும் சர்வீஸா ஓடவிட்டிருந்தேன். மாத்தியாச்சு, டி5 போயிடுச்சு. மூணு மாசமா எத்தன வீட்டு ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லியிருப்பேன்னு நெனச்சா வெக்கமா இருக்கு.

மாங்கூழ் | வியாழன், காலை 9:20

இழைக்கு நடுவுல பூர்றேன், மன்னிக்கணும். மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஒரு இண்டர்காம் எழுதறேன், 48000 சாம்பிள், ஓப்பஸ், ஒரே வைஃபை. நாள் பூரா லைன் தெறந்தே இருக்கும். ஒரு ஜோடி டேப்லெட்ல மட்டும் அப்பப்ப 'டக்'. ஒரு பேக்கெட்டும் தொலையல. ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாத்தேன், கிட்டத்தட்ட 3 நிமிஷம் 20 செகண்டுக்கு ஒண்ணு. மணி அடிச்ச மாதிரி.

ஓசூர்_பழசு | வியாழன், காலை 10:05

ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாத்தீங்களே, அதுக்கே ஒரு மாம்பழம்.

ரெண்டு டேப்லெட்டுக்கும் தனித்தனி கிரிஸ்டல், அதாவது உள்கடிகாரம். ரெண்டுமே 48000ன்னு சொல்லிக்கும், ஆனா ஒண்ணு கொஞ்சம் வேகம், ஒண்ணு கொஞ்சம் மந்தம். வித்தியாசம் பத்து லட்சத்துக்கு 100ன்னு வைங்க. செகண்டுக்கு 4.8 சாம்பிள் சேரும் இல்ல குறையும். ஒரு ஃப்ரேம் 960 சாம்பிள். 960ஐ 4.8ஆல வகுங்க: 200 செகண்ட். உங்க 3 நிமிஷம் 20 செகண்ட். ஒவ்வொரு தடவையும் பஃபர்ல ஒரு ஃப்ரேம் வழியுது, இல்லன்னா காயுது, அதான் 'டக்'. மத்த ஜோடிங்க கிரிஸ்டல் கிட்டத்தட்ட ஒத்துப்போறதால உங்களுக்குத் தெரியல. மணிக்கணக்கா விட்டா அங்கயும் வரும்.

பஃபர பெருசாக்கினா 'டக்' தள்ளிப் போகுமே தவிர போகாது. நிரம்பற அளவ கவனிச்சு, பேச்சு இல்லாத இடத்துல கொஞ்சம் கொஞ்சமா வெட்டணும் இல்ல நீட்டணும். வெப்ஆர்டிசியோட (கால் ஆப் எழுத இலவசமா கிடைக்கற கோடு) நெட்ஈக்யூங்கற ஜிட்டர் பஃபர் பண்றது கிட்டத்தட்ட அதுதான். கையால எழுதாம அதையே எடுத்துப் போட்டுக்கலாம். இந்தத் தலைமுறைக்கு எல்லாத்தையும் சொந்தமா எழுதணும்னு ஒரு வீம்பு. (எங்க தலைமுறைக்கும் இருந்துச்சு. எங்களுக்கு எடுத்துப் போட எதுவும் இல்லன்னு சாக்கு சொல்லிக்கலாம்.)

தொப்பூர்_கணவாய் | வியாழன், காலை 10:30

என்னோட ஆப்ல ஒரு போன்ல எல்லார் குரலும் சின்னப் பையன் மாதிரி கேக்குது. இது நெட்வொர்க் இல்லன்னு நானே ஒத்துக்கறேன்.

அரூர்_அக்கா | வியாழன், காலை 10:41

செகண்டுக்கு 44100 சாம்பிள்ல பதிஞ்சத 48000ல ஓட்டறீங்க. நூத்துக்கு ஒன்பது பங்கு கூடுதல் வேகம். நீங்க கேட்ட சாம்பிள் ரேட்ட பாக்காதீங்க, போன் உண்மையா குடுத்த ரேட்டக் கேட்டு வாங்கி, அதுல இருந்து வேண்டிய ரேட்டுக்கு மாத்துங்க (ரீசாம்பிள்).

பாலக்கோட்டான் | வெள்ளி, மதியம் 12:15

இன்னிக்கு ஏலம் முடிஞ்சதும் அந்த மாரண்டஹள்ளி பெரியவருக்கே கால் போட்டோம், நான் பக்கத்துலயே நின்னேன். மண்டிக்காரர் வேணும்னே கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு 'முன்னூத்தி நாப்பது'ன்னார். அந்தப் பக்கம் இருந்து 'முன்னூத்தி நாப்பதா?'ன்னு திருப்பிக் கேட்டார். எனக்கு உயிர் வந்துச்சு.

அப்புறம் பெரியவர் சொன்னது: 'நல்லா கேக்குதுப்பா. இருந்தாலும் ரேட்ட மட்டும் ஒரு மெசேஜ்ல எழுதி அனுப்பிடுங்க.'

மெசேஜும் போகுது இப்ப. ஓப்பஸ் மாத்தற வேலை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சிருக்கேன். ஒரே ஒரு பாக்கி: மண்டில ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறப்ப விவசாயிக்கு அவர் குரலே திரும்பக் கேக்குதாம். அவர் போன மாத்தச் சொல்லட்டுமா?

அரூர்_அக்கா | வெள்ளி, மதியம் 12:30

அவர் போன்ல கை வைக்காதீங்க. எதிரொலி யாருக்குக் கேக்குதோ அவங்க பக்கம் கோளாறு இருக்காது. மண்டி ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் மண்டி மைக்குள்ள பூர்ந்து திரும்பப் போகுது. மண்டி போன்ல நாலு பதிவையும் எடுத்து ஏத்துங்க, தனி இழையா. இது இப்பவே சந்தை மாதிரி ஆயிடுச்சு.